உப்பு உறைய வைத்த பழச்சாறு

நேயர்களே, 2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியை நம்மில் எவரும் இலகுவில் மறந்துவிட மாட்டோம். ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலம் அது. சித்திரை பிறக்க இன்னும் இரண்டு கிழமை இருந்தது. வெயிலோ அதற்குள்ளேயே காண்டாவனம் தொடங்கிவிட்டது போல் எரித்தது. என் பேர்த்தி வத்தகப்பழத்தைப் பிழிந்து, சீனி கரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி, குழிக்கொன்றாக ஈர்க்குத் துண்டுகளைக் குத்திக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். மறுநாள் எடுத்துப் பார்த்தபோது ஈர்க்குகள் எல்லாம் ஒரு பக்கமாய்ச் சரிந்து, சிவந்த நீரிலே மிதந்தன.

“அம்மம்மா, முந்திக் கரன்ட் இல்லாத காலத்தில ஐஸ்பழமே இருக்கேல்லையோ?” என்று கேட்டாள்.

“இருந்தது பிள்ளை” என்று சொல்லிவிட்டேன். எப்படி இருந்தது, யாருக்கு இருந்தது என்று அவள் அடுத்துக் கேட்டபோதுதான் சொன்னதை விளக்க வேண்டிய கடமை வந்தது. அவளுக்குச் சொன்னவற்றையே சற்று ஒழுங்குபடுத்தி இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நமது முஸ்லிம் சகோதரர் வீடுகளில் நோன்பு காலத்திலே கசகசா மிதக்கும் ஒரு பானம் பரிமாறப்படும். சர்பத் என்பது அதன் பெயர். குடித்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லடியிலிருந்து பிறந்த பெயர் அது. பாரசீகம், துருக்கி வழியாக மேற்கே சென்ற அதே சொல் இத்தாலியரிடம் ‘சொர்பெத்தோ’ ஆயிற்று; பிரெஞ்சுக்காரரிடம் ‘சோர்பே’ ஆயிற்று. பழச்சாறும் இனிப்பும் சேர்ந்த குளிர்பானம் கிழக்கிலிருந்து புறப்பட்டு, போகிற வழியிலே எங்கோ உறைந்து, பானம் என்ற நிலை மாறிக் கரண்டியால் உண்ணும் பண்டமாகிவிட்டது. அது எவ்வாறு உறைந்தது என்பதுதான் இன்றைய கதை.

தொடக்கத்தில் குளிர் என்பது மலையிலிருந்து சுமந்து வரப்பட்ட பொருள். மலையில் பனி விழும் நாட்டவர் மாரியில் அதை வெட்டிக் குழிகளிலே புதைத்து வைத்துக் கோடையில் எடுத்தனர். பாரசீகத்தார் இதற்கென மண்ணாலான பெரிய கூம்பு மாடங்களையே கட்டினர். பனியில்லாச் சமவெளிக்கு வந்து சேர்ந்த பாபர் மன்னர் தமது நினைவுக் குறிப்புகளில் இந்துஸ்தானத்தின் குறைகளைப் பட்டியலிடுகிறார். நல்ல முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை, குளிர்ந்த நீர் இல்லை என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. 1526இல் பானிபட்டிலே வென்று ஒரு சாம்ராச்சியத்துக்கே உரியவராகிய மனிதரின் ஏக்கம் அது!

அவருடைய பேரன் அக்பரின் காலத்தில் அந்தக் குறை தீர்க்கப்பட்டது. அபுல் பஸல் எழுதிய ‘அயினி அக்பரி’ இதைத் துல்லியமாகப் பதிவு செய்துள்ளது. அரச சபை பஞ்சாபுக்குச் சென்றபின், லாகூரிலிருந்து 45 கோஸ் தொலைவிலுள்ள வடமலைகளிலிருந்து பனி தருவிக்கப்பட்டது. ஒரு கோஸ் இரண்டு மைலுக்கும் சற்றுக் கூடியது. தரை வழியாகச் சுமைகாரர் சுமந்தனர். ஆற்று வழியாக நாளுக்கொரு படகு வீதம் வந்து சேர்ந்தது. பிரபுக்கள் ஆண்டு முழுவதும் பனிக்கட்டியைப் பயன்படுத்தினர் என்றும், மற்றையோர் கோடையில் மட்டும் பயன்படுத்தினர் என்றும் அந்நூல் கூறுகிறது. சுமந்தவருக்கு அதில் ஒரு துண்டு கிடைத்ததா என்பதை அந்த நூல் கூறவில்லை.

அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. வெடியுப்பைக் கரைத்த நீரிலே வாய் கட்டிய உலோகக் கூசாவொன்றைச் சிறிது நேரம் சுழற்றினால், உள்ளே இருக்கும் நீர் குளிர்ந்துவிடும். பீரங்கிக்கு மருந்தாகி நெருப்பைக் கக்கும் அதே உப்பு, நீரில் கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இது அக்பரின் அரண்மனையில் முதன்முதல் கண்டறியப்பட்டதன்று. 13ஆம் நூற்றாண்டிலேயே டமாஸ்கஸைச் சேர்ந்த மருத்துவ வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபியா, வெடியுப்பினால் நீரைக் குளிரச் செய்யும் முறையைக் குறித்து வைத்திருக்கிறார்.

மலையும் இல்லாமல் வெடியுப்பும் இல்லாமல் பனிக்கட்டி செய்தவர்களும் இருந்தனர். 1775இல் ரொபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர், அலகாபாத்தில் தாம் கண்டதை லண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டிலே எழுதினார். திறந்த வெளியில் ஆழமற்ற குழிகளை வெட்டி, அவற்றில் கரும்புத் தட்டையையோ சோளத் தட்டையையோ பரப்பி, அதன்மேல் சிறிய மண் சட்டிகளை வரிசையாக அடுக்கி, மாலையில் நீர் ஊற்றி விடுவார்கள். மேகமற்ற குளிர்கால இரவில் காற்று உறைநிலைக்கு வராதபோதும், நீர் தன் வெப்பத்தை வானுக்கு விட்டு மெல்லிய ஏடாக உறையும். விடியுமுன் எழுந்து அந்த ஏடுகளைத் திரட்டிக் குழியில் சேமிப்பார்கள். கடற்காற்றின் ஈரமும் வெதுவெதுப்பான இரவுகளும் உள்ள நம் தீவின் கரையோரங்களில் இந்த வித்தை பலிக்காது.

நேயர்களே, இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கைநிறையப் பனிக்கட்டி இருந்தாலும் அதை மட்டும் கொண்டு பழச்சாற்றை உறைய வைக்க முடியாது. வெறும் நீர் 0 பாகை செல்சியஸில் உறையும். சீனி கரைந்த சாறு உறைவதற்கு அதனிலும் குறைந்த வெப்பநிலை வேண்டும். உருகும் பனிக்கட்டியோ 0 பாகைக்குக் கீழே இறங்காது. ஆகவே பனிக்கட்டியின் நடுவே நாள் முழுவதும் வைத்திருந்தாலும் சாறு குளிருமே தவிர உறையாது. மன்னர்கள் மலையையே பெயர்த்துக் கொணர்ந்தாலும் அவர்களுக்குக் கிடைத்தது குளிர்ந்த சர்பத்துத்தான்.

இந்தப் பூட்டைத் திறந்த சாவி உப்பு. நொறுக்கிய பனிக்கட்டியில் உப்பைக் கலந்தால் பனி விரைவாக உருகத் தொடங்கும். ஒரு கிராம் பனி உருகுவதற்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது பக்கத்தில் இருக்கும் பாத்திரத்திலிருந்தே பறித்துக்கொள்கிறது. கலவையின் குளிர் மைனஸ் 21 பாகை செல்சியஸ் வரைகூட இறங்கலாம். அதனால் உள்ளே இருக்கும் இனிப்புச் சாறும் உறைகிறது.

ஐரோப்பாவில் இந்த நுட்பத்தை ஊரறியச் செய்தவர்களுள் நேப்பிள்ஸைச் சேர்ந்த ஜம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா ஒருவர். 1589இல் வெளிவந்த ‘இயற்கை மாயவித்தை’ என்னும் தமது நூலின் விரிவான பதிப்பில், பனியிலும் வெடியுப்பிலும் குப்பியைச் சுழற்றித் திராட்சை மதுவை உறைய வைக்கும் முறையை அவர் விளக்கினார். வெடியுப்புக்குப் பதிலாக மலிவான சாதாரணக் கறியுப்பே போதும், அதுவே இன்னும் சிறந்தது என்ற அறிவு பரவியதும், மாயவித்தை அடுக்களைக்கு வந்துவிட்டது. அடுத்த நூற்றாண்டின் இறுதியில் அதே நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி என்பவர் தமது சமையல் நூலிலே எலுமிச்சை, ஸ்ட்ரோபரி, புளிப்புச் செர்ரி முதலியவற்றில் சொர்பெத்தோ செய்யும் முறைகளை எழுதினார். நேப்பிள்ஸ்காரர் ஒவ்வொருவரும் இந்தக் கலையோடு பிறந்தவர்கள் என்பது அவர் கருத்து. தெற்கே சிசிலித் தீவில் எட்னா எரிமலையின் உச்சிப் பனி பெரும் வணிகமாயிருந்தது. கத்தானியா நகர் ஆயருக்கு அதிலிருந்து வருமானமும் வந்தது. நெருப்பு மலையின் பனியை உப்போடு சேர்த்து எலுமிச்சைச் சாற்றை உறைய வைத்த அந்தத் தீவில், இன்றும் கோடைக் காலையில் ‘கிரானித்தா’ என்னும் பழப்பனி உண்ணப்படுகிறது.

ஆனால் வீட்டுப் பெண் ஒருத்தி படித்துச் செய்யக்கூடிய எளிய குறிப்பை நான் காண்பது 1718இல் லண்டனில் வெளிவந்த ஒரு சிறு நூலிலேதான். எழுதியவர் மேரி ஈல்ஸ் அம்மையார். காலஞ்சென்ற ஆன் அரசியாருக்கு இனிப்புப் பண்டம் செய்தவர் என்று நூலின் முகப்பு அவரை அறிமுகப்படுத்துகிறது. வாளியின் அடியில் வைக்கோல் பரப்ப வேண்டும். ஆறு தகரப் பேணிகளுக்கு 18 முதல் 20 இறாத்தல் வரை பனிக்கட்டியை உடைத்து, ஓர் இறாத்தல் கடலுப்பைக் கலந்து, பேணிகளைச் சுற்றி அடைக்க வேண்டும். பிறகு வெயிலோ வெளிச்சமோ புகாத நிலவறையில் நான்கு மணித்தியாலம் வைக்க வேண்டும். பாலாடையை மட்டுமல்லாமல் பழத்தையும் இவ்வாறு உறைய வைக்கலாம் என்கிறார். செர்ரி, ராஸ்பரி போன்ற பழங்களைப் பேணியில் நெருக்காமல் இட்டு, இனிப்பிட்ட எலுமிச்சைச் சாற்று நீரை அவை ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஊற்றினால் போதும். மூன்று நூற்றாண்டு கடந்தும் இந்தக் குறிப்பில் மாற்ற வேண்டியது அதிகம் இல்லை. அவர் உப்பைச் சற்றுச் சிக்கனமாகப் பயன்படுத்தினார். மூன்று பங்கு பனிக்கு ஒரு பங்கு உப்பு இட்டால் வேலை விரைவாய் முடியும்.

எனினும் வைக்கோலும் நிலவறையும் வெயிலுக்கு முன் அழியாத பனியும் எல்லோர் வீட்டிலும் இருக்கவில்லை. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன் தம் கைப்பட எழுதி வைத்த ஐஸ்கிறீம் குறிப்பு இன்றும் அந்நாட்டின் காங்கிரஸ் நூலகத்தில் பேணப்படுகிறது. அவருடைய வீட்டில் உப்புப் பனிக்குள் பாத்திரத்தைச் சுழற்றிய கைகளோ அடிமைகளின் கைகள். உறைந்த பழச்சாற்றின் வரலாற்றிலே சுவைத்தவர்களின் பெயர்களே எழுதப்பட்டுள்ளன. விறைத்துப்போன விரல்களின் பெயர்கள் அரிதாகவே கிடைக்கின்றன.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து இளைஞரான பிரெடரிக் டியூடர், குளத்து நீர் உறைந்த பனிக்கட்டியை வெப்ப நாடுகளுக்கு விற்கலாம் என்று கருதினார். 1806இல் ஏறத்தாழ 130 தொன் பனிக்கட்டியை மார்ட்டினிக் தீவுக்குக் கப்பலில் கொண்டு சென்றார். இறக்கி வைக்கப் பனிவீடு இல்லாததால் பெருமளவு உருகி நட்டமேற்பட்டது. ஆனாலும் அங்கே உணவுச்சாலை நடத்திய ஒருவருக்கு அந்தப் பனிக்கட்டியைக் கொண்டு ஐஸ்கிறீம் செய்வித்துக் காட்டினார். அவர் தளரவில்லை. பனியை மரத்தூளில் பொதியும் முறை தேர்ந்த பின், 1833 மே மாதம் 180 தொன்னுடன் பொஸ்டனிலிருந்து புறப்பட்ட ‘டஸ்கனி’ என்ற கப்பல், நான்கு மாதம் கடலில் கிடந்து செப்டெம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 தொன் எஞ்சியிருந்தது. நில நடுக்கோட்டை இரண்டு தடவை கடந்து வந்த பனி அது!

சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டப்பட்ட பனிவீடும் இந்த வணிகத்துக்காக எழுந்ததே. 1897 ஜனவரியில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உரையாற்றிவிட்டுச் சென்ற சுவாமி விவேகானந்தர், சென்னையில் தங்கியிருந்தது அந்தக் கட்டடத்திலேதான். அதற்குள் யந்திரப் பனி வந்து, பொஸ்டன் பனியின் தேவை ஒழிந்து, பனிவீடு குடியிருப்பாக மாறிவிட்டிருந்தது. நமது கொழும்பிலும் 1866இல் ஐஸ் கம்பனியொன்று தோன்றியது. பிற்காலத்தில் யானைச் சின்னத்தால் எல்லோராலும் அறியப்பட்ட நிறுவனத்தின் தொடக்கம் அதுவே.

பனிக்கட்டி மலிந்தபோது கையின் உழைப்பைக் குறைக்க ஒரு பெண் வழி கண்டார். அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜோன்சன் 1843 செப்டெம்பர் 9ஆம் திகதி ஓர் உறைகலத்துக்குக் காப்புரிமை பெற்றார். வெளியே மரவாளி, உள்ளே தகர உருளை, இரண்டுக்கும் நடுவே பனியும் உப்பும், உருளைக்குள் துளையிட்ட துடுப்பு, மேலே ஒரு கைபிடி. கைபிடியைச் சுற்றினால் துடுப்பு சுவரில் உறைவதைச் சுரண்டிச் சுரண்டி நடுவே தள்ளும். சாறு அசையாமல் கிடந்து உறைந்தால் பெரிய பெரிய பளிங்குகள் உண்டாகிப் பல்லிலே கல்லாய் இடறும். ஓயாமல் கலக்கினால் பளிங்குகள் சிறுத்து நாவிலே மணலின்றிக் கரையும். இங்கிலாந்தில் ஆக்னஸ் மார்ஷல் அம்மையார் 1885இல் உறைபண்டங்களுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டு, வீட்டுக்கேற்ற உறைகலத்தையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அரண்மனைப் பண்டம் பின்வளவுக்கு வந்து, வீட்டுப் பிள்ளைகள் முறைவைத்துக் கைபிடி சுற்றும் விளையாட்டாயிற்று.

குச்சியில் உறைந்த ஐஸ்பழத்தின் கதையும் ஒரு பிள்ளையிடமிருந்தே தொடங்குகிறது. 1905இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் பிராங்க் எப்பர்சன், இனிப்புப் பானத்தைக் கலக்கிய குச்சியோடு இரவு வெளியே மறந்து விட்டானாம். விடியும்போது அது உறைந்திருந்ததாம். வளர்ந்தபின் 1924இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஈழத்துத் தமிழன் அந்தப் பண்டத்துக்கு ‘ஐஸ்பழம்’ என்று பெயரிட்டான். எவ்வளவு அழகான பெயர்! துவிச்சக்கர வண்டியில் பெட்டி கட்டி வந்தவர் விற்ற பல ஐஸ்பழங்களில் சாயமும் சீனியும் அன்றிப் பழம் இருந்ததில்லை என்பது வேறு விடயம். பழத்தை உறைய வைத்த பழைய நினைவை அந்தப் பெயராவது காப்பாற்றி வைத்திருக்கிறது.

மின்சாரக் குளிர்சாதனப் பெட்டி வந்தபின் உப்பும் வாளியும் மறைந்தன. அமெரிக்காவில் 1920களின் பிற்பகுதியில் பரவிய அது, நம் நடுத்தரக் குடும்பங்களை அடையச் சில பத்தாண்டுகள் சென்றன. பெட்டி வந்தது, கூடவே அதற்கு உயிர் தரும் கம்பியை நம்பியிருக்கும் நிலையும் வந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றுபோயிற்று. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி புத்தக அலுமாரியாயிற்று. கறையானுக்கும் எலிக்கும் எட்டாத அலுமாரி அதைவிட வேறில்லை. அதே 1990இல்தான் ஆனையிறவு உப்பளமும் செயலிழந்தது. குளிரும் உப்பும் ஒரே ஆண்டில் எங்களைவிட்டுப் போயின. அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளிற் பலர் ஐஸ்பழம் என்ற சொல்லைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள். குளிர் என்றால் மார்கழிப் பனியும் மண்பானைத் தண்ணீருமே அவர்களுக்குத் தெரியும். என் பேர்த்தியின் தாய் அவர்களுள் ஒருத்தி.

ஆகவே பேர்த்தி கேட்ட கேள்விக்குச் செய்து காட்டியே பதில் சொல்ல வேண்டுமென்று மனம் உந்தியது. அந்த ஆண்டு கறுத்தக்கொழும்பான் பழுக்கும் காலம் வரும்வரை பொறுத்திருந்தோம். மூன்று பழத்தின் சதையைக் கையால் பிசைந்து, நாரை வடித்து, அரைத் தேசிக்காய்ப் புளியும் நான்கு மேசைக்கரண்டி சீனியும் ஒரு கோப்பைத் தண்ணீரும் சேர்த்தோம். உறைந்தபின் இனிப்பு நாவிலே மங்கித் தெரியும்; ஆகவே சற்றுத் தூக்கலாகவே சீனி வேண்டும். அளவுக்கு மிஞ்சினாலோ சாறு உறையாது. இதை இறுக்கமான மூடியுள்ள பால்மாப் பேணியில் முக்கால்வாசி ஊற்றினோம். சந்தையடியில் வாங்கிய மூன்று கிலோ ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி உலக்கையால் நொறுக்கி, ஒரு கிலோ கல்லுப்போடு மாறி மாறி வாளியில் அடுக்கி, நடுவே பேணியைப் புதைத்தோம். உப்புநீர் பேணிக்குள் புகாமல் பார்ப்பதே முக்கியம். புகுந்தால் எல்லாப் பாடும் வீண். கைக்குத் துணி சுற்றிக்கொண்டு பேணியைப் பிடித்து இடமும் வலமுமாய்த் திருப்பவேண்டும். பத்து நிமிடத்துக்கொரு தடவை மூடியைத் துடைத்துத் திறந்து, ஓரத்தில் உறைந்ததை அகப்பைக்காம்பால் சுரண்டி நடுவே தள்ளவேண்டும்.

மின்சாரம் இருக்கும் வீட்டிலும் இந்தப் பாடம் உதவும். பழக்கூழை அகலமான தட்டில் ஊற்றி உறைபெட்டியில் வைத்து, அரை மணித்தியாலத்துக்கொரு தடவை முள்ளுக்கரண்டியால் கிளறி விட்டால் சிசிலிக்காரரின் பழப்பனியே வரும். கிளறுகிற கைதான் நான்சி ஜோன்சனின் துடுப்பு.

பேர்த்தி பேணியைத் திருப்பிக்கொண்டே யோசித்தாள். “அம்மம்மா, இந்த ஐஸ் கட்டியும் கரன்டாலதானே செய்தது?” என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன். அவள் சொன்னது சரி. குளிர் நமக்கு எப்போதும் எங்கிருந்தோ வந்ததுதான். அக்பருக்கு இமயத்திலிருந்து, கல்கத்தாவுக்குப் பொஸ்டனிலிருந்து, எங்களுக்குச் சந்தையடி ஐஸ்காரரிடமிருந்து. இந்த வெயில் நாட்டிலே நமக்கென்று சொந்தமாய் உள்ளவை பழமும் உப்புமே. போர் முடிந்தபின் ஆனையிறவில் மீண்டும் உப்பு விளைகிறது என்று அவளுக்குச் சொன்னேன். அடுத்த முறை அந்த உப்பிலேயே செய்வோம் என்றாள்.

முக்கால் மணித்தியாலம் சென்றது. பேணியின் வெளிப்புறத்தில் வெண்பனி பூத்திருந்தது. திறந்தபோது மஞ்சள் நிறத்தில், கரண்டி நின்று பிடிக்கும் பதத்தில் மாம்பழம் உறைந்திருந்தது. அவளுடைய தாயைக் கூப்பிட்டோம். பிள்ளைப் பருவத்தில் தனக்குக் கிடைக்காத பண்டத்தை, அது உருகுமுன் தின்றுவிட வேண்டுமென்ற அவசரத்தோடு, குசினி வாசற்படியிலேயே குந்தியிருந்து அவள் தின்றாள்.